ருசி பார்க்காத வாளி

திங்கட்கிழமை, மாலை

அன்புள்ள மச்சானுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். அது பொய் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். சிறைத்துறைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை என்பது என் நெடுநாள் மருத்துவக் கணிப்பு. அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அவர்களைப் பார்த்துக்கொள்ளத்தானே உன் தங்கை அங்கே வந்தாள். வலி குறைந்திருந்தால் சொல். குறையவில்லை என்றாலும் சொல். எதையும் சொல்லாமல் இருப்பது உங்கள் குடும்ப வழக்கம், எனக்குப் பழகிவிட்டது.

உன் அலுவலகத்தில் போனை எடுக்கிற பெண், நான் யார் என்று சொல்வதற்கு முன்பே "சார் மீட்டிங்ல இருக்கார்" என்று சொல்லிவிடுகிறாள். அதனால்தான் கடிதம். இங்கிருந்து தினமும் உங்கள் பக்கம் வருகிற தபால் வண்டியில், வீட்டு முகவரிக்கே கொடுத்தனுப்புகிறேன். நீ படிக்காவிட்டாலும் உன் தங்கை படிப்பாள்.

விஷயம் உன் சுற்றறிக்கை. வேலை செய்ய மறுக்கும் கைதிகளுக்கு உணவளவைக் குறைப்பது பற்றியது. அடியில் இயக்குநரின் கையெழுத்து இருந்தாலும், எழுதியது நீதான் என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. "பாதுகாப்பான எல்லைக்குள்" என்ற சொல்லை, மருத்துவக் கல்லூரியில் நோயாளிக் குறிப்பு எழுதும்போதே நீ பக்கத்துக்கு நாலு தடவை போடுவாய். "எல்லையை யாருப்பா போட்டது, நீயா?" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. இன்றைக்கு எல்லையைப் போடுகிற இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாய்.

அடிக்குறிப்பில் நம் ஆராய்ச்சிக் கட்டுரை வேறு. உணவுத் தட்டுப்பாடு வந்த அந்த வருடம், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை எவ்வளவு குறைந்த உணவில் காப்பாற்றலாம் என்று நாம் செய்த கட்டுரை. வார்டு வார்டாக அலைந்தது நான், மேஜையில் உட்கார்ந்து எழுதியது நீ, முதலில் வந்தது உன் பெயர். அதைப் பற்றி நான் இத்தனை வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. (உன் தங்கை இந்த இடத்தில் சிரிப்பாள். சிரிக்கட்டும்.) இல்லாத காலத்தில் இருப்பதைப் பங்கிடுவதற்காகப் போட்ட கணக்கு அது. அதை எடுத்து, சமையலறையில் உணவு கொதித்துக்கொண்டிருக்கும்போதே கொடுக்காமல் இருப்பதற்குச் சான்றாகக் காட்டியிருக்கிறாய். இந்த முறை அடிக்குறிப்பில் என் பெயரே இல்லை. உன்னைத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

எங்கள் சூப்பிரண்டை உனக்கு நினைவிருக்கும். நீ ஆய்வுக்கு வந்தபோது அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்ததே நீதான். இப்போதும் அப்படியேதான் இருக்கிறார். எந்த வெயிலிலும் சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. உன் தாள் வந்த மறுநாளே அதற்கு ஆள் தேடினார். ஆளும் கிடைத்தது.

சலவைக்கூடத்துப் பாய்லரில் நீராவி கசிகிறது என்று நான் பல மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அது ஒருவனின் முன்கையை வேகவைத்துவிட்டது. தோல் கையுறை போலக் கழன்று வந்தது. கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தேன். மிச்சமிருந்த ஆறு பேரும், பாய்லரைச் சரிசெய்யும்வரை உள்ளே கால்வைக்க மாட்டோம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பாய்லரைப் பார்க்க ஆள் வரவில்லை. உன் சுற்றறிக்கைதான் வந்தது. ஆறு பேரும் இப்போது தனிக்கொட்டடியில். காலைக் கஞ்சி கிடையாது, இரவு கிடையாது, மதியம் ஒரு வேளை, அதுவும் பாதி.

அவர்களை உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குத் தலைவன்போல இருக்கிறவன் ஒட்டகம். நீளக் கழுத்து, அசைந்து அசைந்து நடப்பான், அதனால் அந்தப் பெயர். லாரியில் ஒரு கிழவரை இடித்துவிட்டு நிறுத்தாமல் போனவன். மாதம் ஒரு தடவை முதுகுவலி என்று வந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தைக் காட்டுவான். எனக்கு அவனைப் பிடிக்காது. பிடிக்காத ஆளுக்கும் பசிக்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்று காலை இஸ்திரி என்னைக் கூப்பிட்டு, உன் தாளின்படி இவர்கள் பாதி உணவைத் தாங்குவார்களா என்று பரிசோதித்துச் சொல்லச் சொன்னார். பரிசோதித்தேன். நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் சரி. ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன், மச்சான், ஆனால் எழுதி முடித்ததும்தான் எதற்கு எழுதினேன் என்பது உறைத்தது. கசாப்புக்கடையிலும் முதலில் ஆடு ஆரோக்கியமா என்றுதான் பார்ப்பார்கள்.

மதியம் சமையற்கூடத்துக்குப் போனேன். இங்கத்து விதி உனக்கு மறந்திருக்காது. எந்தப் பாத்திரமும் வெளியே போவதற்குமுன் மருத்துவர் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, "போகலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இல்லாமல் ஒரு பருக்கைகூட நகராது. பெரிய அண்டாக்களில் ருசி பார்த்தேன். கடைசியில், தனிக்கொட்டடிக்கென்று ஒரு சின்னத் தூக்குவாளி தனியாக வைத்திருந்தார்கள். அடியில் கொஞ்சம் பருப்பு, மூடிமேல் சில ரொட்டித் துண்டு. ஆறு ஆண்களுக்கு அது.

கரண்டியைக் கீழே வைத்தேன். இதை நான் ருசி பார்க்க மாட்டேன், இதற்குப் "போகலாம்" என்று என் வாயால் சொல்ல மாட்டேன் என்றேன். சமையலாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வைக்கு வந்து நின்ற இஸ்திரி, "உங்க இஷ்டம் டாக்டர்" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் முகத்தில் சுருக்கம் விழுந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

உன் சுற்றறிக்கையில் ஓட்டை இருக்கிறது, மச்சான். வாளி என் வார்த்தை இல்லாமல் போகாது. கைதியைப் பட்டினி போடவும் விதி இல்லை. ஆகவே நான் ருசி பார்த்த பெரிய அண்டாவிலிருந்துதான் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும், அதுவும் முழு அளவு. இத்தனை வருட உத்தியோகத்தில் விதியை வைத்தே ஒரு நல்ல காரியம் செய்தது இன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். படுத்ததும் தூக்கம் வந்தது. எழுந்து உனக்கு எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. உன் தங்கையிடம், வீட்டுச் சாவியின் மறுபிரதி எங்கே வைத்தாள் என்று கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
கட்டுரையின் இரண்டாவது பெயர்


புதன்கிழமை, இரவு

மச்சானுக்கு,

உன் பதில் தபால் வண்டியில் வந்து சேர்ந்தது. "உணர்ச்சிவசப்படாதே மாப்பிள்ளை, சின்ன விஷயம், ருசி பார்த்து அனுப்பிவிடு." இரண்டு பக்கம் முழுக்க நெருக்கி எழுதியவனுக்கு ஒன்றரை வரி. சாவியைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் எனக்குப் பிடித்தது.

நேற்றும் நான் வாளியைத் தொடவில்லை. தனிக்கொட்டடிக்கு நான் போகிற முறை திங்கள், புதன், வெள்ளி. அதனால் நேற்று அந்தப் பக்கம் போகவும் இல்லை. எல்லாம் நான் நினைத்தபடி நடக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். இன்று காலை சமையற்கூடத்து வழியாக வரும்போது அலமாரியில் அந்தத் தூக்குவாளி இருந்தது. மூடியைத் திறந்தேன். பருப்பு புளித்து நுரைத்திருந்தது. தலைமைச் சமையலாளி ஒரு கைதிதான், அவனைக் கரண்டி என்று கூப்பிடுவார்கள். இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவன் என்னைப் புரியாதவன்போலப் பார்த்தான். "நீங்க வாயில வைக்கலையே சார், எப்படி அனுப்புறது?" என்றான். பெரிய அண்டாவிலிருந்து கொடுக்கவில்லையா என்றேன். "அது வேலைக்குப் போனவங்களுக்கு சார். இவங்களுக்கு வாளிதான். வாளி போகல" என்றான்.

நான் ருசி பார்க்காததால் வாளி போகவில்லை. தண்டனையில் இருப்பதால் அண்டாவும் போகவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்த ஆறு பேர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். உன் தாள் அவர்களுக்குப் பாதி கொடுத்தது. நான் அதையும் நிறுத்திவிட்டேன்.

இஸ்திரியிடம் ஓடினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "உங்க மனசாட்சிக்கு நான் மரியாதை கொடுத்தேன் டாக்டர். ருசி பார்க்காத சாப்பாட்டை அனுப்பி நாளைக்கு எவனாவது வாந்தி எடுத்தா, நீங்கதானே முதல்ல எழுதுவீங்க?" என்றார். விதிப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தால் அவர் சொல்வதுதான் அதில் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்கலையே" என்றார்.

அது உண்மை. நான் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் சுற்றறிக்கை இல்லாவிட்டால் தனி வாளியே இல்லை. தனி வாளி இல்லாவிட்டால் இந்தக் கூத்தும் இல்லை. பழியை முழுக்க என் தலையில் கட்டிவிட்டு நீ ஒதுங்க முடியாது.

மதியம் முதல் ஆளாகப் போய் வாளியில் ருசி பார்த்தேன். எந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்றேனோ அதைச் சொன்னேன். வாளி போனது. போனபடியே திரும்பி வந்தது. ஒரு துண்டு குறையவில்லை.

நேரில் போனேன். கதவின் சின்னத் திறப்பு வழியாக ஒட்டகத்தின் முகம் தெரிந்தது. ஏன் சாப்பிடவில்லை என்றேன். "அதுல என்ன சார் கலந்திருக்காங்க?" என்று கேட்டான். ஒன்றும் கலக்கவில்லை என்றேன். "அப்ப நீங்க ஏன் ரெண்டு நாளா வாயில வைக்கல?" என்றான்.

சமையற்கூடத்தில் நான் கரண்டியைக் கீழே வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? டாக்டர் மோந்து பார்த்தார், முகம் சுளித்தார், தொடமாட்டேன் என்று போய்விட்டார் என்று சிறை முழுக்கப் பரவிவிட்டது. பினாயில் என்று ஒரு கட்சி, எலிமருந்து என்று இன்னொரு கட்சி. டாக்டர் உயிரைக் காப்பாற்றினார் என்று கும்பிடுகிறவர்கள்கூட இருக்கிறார்களாம்.

நான் கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன். சாப்பாட்டைக் குறைத்தது தவறு, அதை எதிர்க்கத்தான் ருசி பார்க்கவில்லை என்றேன். ஒட்டகம் நிதானமாகக் கேட்டான்: "எங்களுக்குக் குறைச்சாங்கன்னு நீங்க ஒரு கரண்டி குறைச்சுக்கிட்டீங்களா சார்?" பக்கத்து அறையிலிருந்து ஒருவன், "பாவம்டா, டாக்டரும் பட்டினி" என்றான். ஆறு பேரும் சிரித்தார்கள். இரண்டு நாள் சாப்பிடாதவர்களின் சிரிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? மூச்சு மட்டும்தான் வரும்.

நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நம்பாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சாப்பாட்டைக் குறைக்கச் சம்மதித்து ஆரோக்கியச் சான்று எழுதியவனும் நான், அதை எதிர்க்கிறேன் என்றவனும் நான், இப்போது சாப்பிடு என்று கெஞ்சுகிறவனும் நான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் உன் தங்கை போன் செய்தாள். போன மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. என் கடிதத்தைப் படித்தாளாம். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "அங்கேயும் தட்டைத் தள்ளிட்டீங்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "கோவம் வந்தா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிடுவீங்க. பட்டினி உங்களுக்கு மட்டும்னு நினைப்பு. நீங்க வெளியில போய் டீ குடிச்சுட்டு வந்துடுவீங்க. சமைச்சவ மட்டும் சாப்பிடாம உட்கார்ந்திருப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் டீ குடித்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. ஒரு சிறையில் ஆறு உயிர் பட்டினி கிடக்கும்போது இதையா பேசுவது என்று நீயாவது அவளிடம் கேள். உனக்கும் கேட்கத் துணிச்சல் வராது என்பது வேறு விஷயம்.

நாளை வேறு மாதிரி முயன்று பார்க்கிறேன். நீ சுற்றறிக்கையைத் திரும்பப் பெறு. முழுத் தட்டு ஒன்று உள்ளே போனால், நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அதுவே அவர்களை நம்பவைக்கும். இதை எழுத உனக்கு ஒன்றரை வரிகூடத் தேவைப்படாது.

மனம் ஆறாமல்,
உன் மாப்பிள்ளை


வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள மச்சானுக்கு,

வண்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. டிரைவரை நிற்கச் சொல்லியிருக்கிறேன். வெளியே நின்று ஹாரன் அடிக்கிறான்.

நேற்று மதியம் வாளியோடு நானே போனேன். கதவுகளைத் திறக்கச் சொல்லி, தாழ்வாரத்தின் தரையில் உட்கார்ந்தேன். இந்த வயதில் எனக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஒவ்வொருவன் தட்டிலிருந்தும் ஒரு பிடி எடுத்து அவன் கண்முன்னால் மென்று விழுங்கினேன். மூன்றாவது தட்டில் கைவைத்தபோது அதற்குரியவன், "இருக்கிறதே பாதி, அதுல நீங்க வேற பங்குக்கு வர்றீங்களே சார்" என்றான். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் சாப்பிட்டார்கள். ஐந்து பேர் சாப்பிட்டார்கள். வேகமாகத் தின்னாதே, வயிறு பிடித்துக்கொள்ளும் என்று நான் சொல்லச் சொல்ல, ஒருவனும் கேட்கவில்லை.

ஒட்டகம் தட்டைத் தொடவில்லை. விஷம் இல்லை என்று இப்போதாவது தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றான். பிறகு என்ன என்றேன். அவன் சுவரில் சாய்ந்தபடி மெதுவாகத்தான் பேசினான். "இது பாதிதான், இதைத் தொடமாட்டேன்னு நீங்க சொன்னீங்களே சார், அது சரியா தப்பா?" என்று கேட்டான். சரி என்றேன். "நீங்க செஞ்சா சரி, நான் செஞ்சா தப்பா? முழுசா வரட்டும், திங்கிறேன். பாய்லரை ஒட்டவைங்க, வேலைக்கும் போறேன். எனக்கு என்ன சார், இதுல ஆசையா?" என்றான். முதுகுவலி என்று எனக்கு இத்தனை வருடம் கதை சொன்னவன், நேற்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

படித்த படிப்பையெல்லாம் எடுத்து வாதாடிப் பார்த்தேன். நான் மறுத்தால் என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ மறுத்தால் உன் உடம்பு போய்விடும் என்றேன். "அதான் சார் வித்தியாசம்" என்று மட்டும் சொன்னான்.

இன்று காலை பார்த்தேன். நிற்கவைத்தால் தலை சுற்றுகிறது. மூச்சில் அழுகின பழத்தின் வாசனை வருகிறது. உடம்பு தன்னையே தின்ன ஆரம்பித்திருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். தண்ணீர் குடிக்கிறான். கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறான். இப்போதே உயிருக்கு ஆபத்து இல்லை. முழு உணவு கொடுத்தால் நாலு நாளில் எழுந்து நடப்பான், மறுபடியும் முதுகுவலி என்று வருவான்.

ஆனால் இஸ்திரி காத்திருக்கத் தயாராக இல்லை. உன் சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியை எனக்குப் படித்துக் காட்டினார். உணவை மறுப்பவருக்கு மருத்துவர் மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்த வேண்டும். நாளைக் காலை செய்யச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார். பிடித்துக்கொள்ள நாலு வார்டன், கட்டிலில் கட்ட வார் எல்லாம் தயார். குழாயில் என்ன போகும் என்றும் அதில் எழுதியிருக்கிறாய். பால், முட்டை, சர்க்கரை, எண்ணெய், ஒரு நாளைக்குத் தேவையான முழுச் சத்து. "பாருங்க டாக்டர், அவனுக்கு முழுச் சாப்பாடே கிடைச்சுடும், உங்களுக்குத்தானே சந்தோஷம்" என்றார் இஸ்திரி. கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

அந்தப் பத்தியை எழுதும்போது உனக்கு எதுவும் தோன்றவில்லையா, மச்சான்? வாய் வழியாகக் கேட்டால் பாதி. நாலு பேர் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாகத் திணித்தால் முழுசு. முழுசாகக் கொடுக்க நம்மிடம் இருக்கிறது. அவன் கையால் எடுத்துச் சாப்பிடக் கொடுப்பதற்குத்தான் இல்லை. இவ்வளவு கணக்குப் போட்டவன் இந்த ஒரு கணக்கை எப்படி விட்டாய்?

கல்லூரியில் நாம் ஒருவருக்கொருவர் குழாய் போட்டுப் பழகியது நினைவிருக்கிறதா? நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், நான் போட்டேன். நீயே சம்மதித்து, நீயே விழுங்கி, உன் நண்பன் கையால் போன குழாய் அது. அப்படியும் தொண்டையில் பட்டதும் உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாய். நிறுத்து என்று கைகாட்டினாய். நான் நிறுத்தினேன். நாளை அவன் கையைக் கட்டியிருப்பார்கள். நிறுத்து என்று எதைக் காட்டுவான்? திமிறுகிறவனுக்குக் குழாய் மூச்சுக்குழலில் போனால், பால் நுரையீரலுக்குப் போகும். பட்டினியால் சாகாதவனை நான் உணவால் கொன்றிருப்பேன். சுற்றறிக்கையில் அதற்கும் ஒரு "பாதுகாப்பான எல்லை" இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

மாட்டேன் என்று சொல்வது எனக்கு எப்போதும் எளிதாக வந்த காரியம். உனக்குத் தெரியும், உன் தங்கைக்கு அதைவிட நன்றாகத் தெரியும். இந்தத் தடவை அந்தச் சொல்லைச் சொல்லவே பயமாக இருக்கிறது. போன தடவை மாட்டேன் என்று சொன்னதற்கு என்ன நடந்தது என்று பார்த்தாய். நான் மறுத்தால், பக்கத்துச் சிறையிலிருந்து இதுவரை குழாயே போட்டுப் பழகாத ஒரு சின்னப் பையனை, போன வருடம் படிப்பு முடித்தவனை, வரவழைத்துவிடுவார்கள். போட்டுவிட்டால் நான் மருத்துவன் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டால் நான் மனிதனே இல்லை.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். கேட்கிற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற ஒருவன் வேண்டாம் என்று சொல்லும்வரை, அவன் மூக்கில் நான் குழாய் போட மாட்டேன். இஸ்திரியிடம் சற்றுமுன் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. அவன் அறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை முழங்காலில் வைத்துத்தான் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாடி பார்ப்பேன், தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பேன். அதை வாங்கிக்கொள்கிறான். வேறு யாராவது குழாயோடு வந்தால் முதலில் என்னைத் தாண்ட வேண்டும். நான் பெரிய தடுப்பு இல்லை, உனக்குத் தெரியும். என்னை ஒரு வார்டன் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

நம் பழைய கணக்கு எதையும் இதில் சேர்க்காதே. கட்டுரையில் உன் பெயரே முதலில் இருக்கட்டும். நீ இருக்கும் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், உன் காதுக்கும் வந்திருக்கும். இனிமேல் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் நீதான் இருக்கிறாய், அதனால் உன்னால்தான் முடியும், எனக்கு இப்போது அது போதும். எனக்காக என்று செய்யாதே. எனக்காகச் செய்தால் இன்னும் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவாய்.

காலை வண்டி விடிந்ததும் அங்கிருந்து கிளம்பும். ஒரு வரி போதும். ஆறு பேருக்கும் முழு உணவு என்று இயக்குநரின் கையெழுத்தோடு ஒரு வரி. வண்டி இங்கே வந்து சேரும்போது அவர்கள் வாரை எடுத்துவர ஆரம்பித்திருப்பார்கள். அதற்குள் வந்தால், தட்டை நானே ஏந்திக்கொண்டு உள்ளே போவேன். அவன் என்னை நம்ப வேண்டாம், தட்டைப் பார்த்தால் போதும்.

இப்போது கதவின் திறப்பு வழியாக ஒட்டகம், யாருக்கு சார் எழுதுறீங்க என்று கேட்கிறான். என் மச்சானுக்கு என்றேன். பெரிய ஆளா என்றான். ஆமாம் என்றேன். "அப்ப நம்ம பக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இல்லை, என் மச்சான் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வண்டி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

டிரைவர் ஹாரனை நிறுத்திவிட்டு உள்ளேயே வந்துவிட்டான்.

அத்தையும், பிள்ளைகளும், உன் தங்கையும், நீயும் நேரத்துக்கு வயிறாரச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் பதிலை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருக்கும்,
உன் மாப்பிள்ளை